தம்பி கல்யாணத்துக்குப் போனதற்கு 320 பவுண்டு ஃபைன்: இங்கிலாந்தில் இது நியாயமா?

மாலினி:
தை மாதம் யாழ்ப்பாணத்தில் தம்பிக்குக் கல்யாணம். பிள்ளைகளுக்கு ஐந்து நாள் லீவு கேட்டேன், பள்ளி மறுத்தது. போய்வந்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பாவுக்கு 80, அம்மாவுக்கு 80 என்று இரண்டு பிள்ளைகளுக்கு 320 பவுண்டு வந்திருக்கிறது. பக்கத்து பரோவில், அதாவது வேறு கவுன்சில் பகுதியில், இருக்கும் என் அக்காவும் அதே கல்யாணத்துக்குத்தான் வந்தாள். அவள் பிள்ளைகளின் பள்ளி இரண்டு நாளுக்கு அனுமதி கொடுத்தது. மீதி மூன்று நாள் ஃபைன் போடும் வரம்பைத் தொடவில்லை. ஃபைன் இல்லை.

சிவா ஆசிரியர்:
அக்கா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் பின்னம் தொடங்கிய வாரத்தில் வராத பிள்ளைக்கு அடுத்த வாரம் தனியாகச் சொல்லித்தர யாருக்கு நேரம் இருக்கிறது? முன்பு ஒவ்வொரு கவுன்சிலும் தனித்தனி வரம்பு வைத்திருந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்து முழுக்க ஒன்றுதான்: பத்து பள்ளி வாரத்துக்குள் அனுமதியில்லாமல் பத்து அரைநாள்.

மாலினி:
வரம்பு ஒன்று, சரி. அனுமதி? 2013 வரை குடும்ப விடுமுறைக்குப் பத்து நாள் வரை தர முடிந்தது. இப்போது 'விதிவிலக்கான சூழ்நிலை' மட்டும்தான். அது எது என்று தலைமை ஆசிரியர்தான் முடிவு செய்கிறார். கூடப்பிறந்தவன் கல்யாணம் ஒரு பள்ளியில் விதிவிலக்கு, அடுத்ததில் இல்லை.

கிளாஸ்கோ குமரன்:
ஸ்காட்லாந்தில் இந்த ஃபைனே கிடையாது. வசதியுள்ளவர்களை அது தடுக்கவும் தடுக்காது. ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் நான்கு பேருக்குக் கொழும்பு டிக்கெட் எடுத்தால் அதைவிடக் கூடுதல் செலவு என்று கணக்குப் போட்டுத்தான் போகிறார்கள். பதற்றத்தில் பள்ளி வாசலிலேயே அழுது நிற்கும் பிள்ளையின் அம்மாவுக்கும் இதே நோட்டீஸ் வருவதுதான் கொடுமை.

சிவா ஆசிரியர்:
அந்த அம்மாவுக்கு முதலில் உதவிதான் போக வேண்டும், வாதமே இல்லை. கல்யாணம் வேறு. ஐல் ஆஃப் வைட் தீவு வழக்கில், பள்ளி நாளில் மகளை ஃப்ளோரிடா கூட்டிப்போன அப்பா கீழ்க் கோர்ட்டுகளில் ஜெயித்ததும் சில கவுன்சில்கள் விதியைத் தளர்த்தின, சில தளர்த்தவில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகச் சொன்ன பிறகுதான் தெளிவு வந்தது. அக்கா, 21 நாளுக்குள் கட்டிவிடுங்கள், தாண்டினால் ஒவ்வொரு 80-ம் 160 ஆகிவிடும். மூன்று வருடத்துக்குள் இன்னொரு முறை என்றால் எடுத்த எடுப்பிலேயே 160.

மாலினி:
கட்டத்தான் போகிறேன். மேல்முறையீடு கிடையாது, கட்டாவிட்டால் கோர்ட்தான். ஆனால் நெருங்கிய உறவின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் இத்தனை நாள் என்று விதியிலேயே எழுதச் சொல்லி எங்கள் எம்.பி.க்குக் கடிதம் போடுகிறேன். நீங்களும் கையெழுத்துப் போடுவீர்களா, சிவா?

சிவா ஆசிரியர்:
இரண்டு நாள் என்றால் போடுகிறேன். ஐந்துக்கு மாட்டேன்.