பொருள்: 'குவாண்டம் கன்ஃபைன்மென்ட்' – தமிழில் என்ன?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

குறைகடத்தி நானோ துகள்களின் ஒளிப்பண்புகள் பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காட்மியம் செலினைடு துகள் ஏறத்தாழ 6 நானோமீட்டர் இருந்தால் சிவப்பாக ஒளிர்கிறது. 2 நானோமீட்டர் என்றால் நீலம். பொருள் ஒன்றுதான், அளவுதான் வேறு. இதற்குக் காரணம், எலக்ட்ரான் மிகச் சிறிய இடத்துக்குள் அகப்பட்டு நிற்பது. அதைக் குறிக்கும் 'கன்ஃபைன்மென்ட்' மட்டும் முரண்டு பிடிக்கிறது. 'அடைப்பு' என்று எழுதினேன். சாக்கடை நினைவு வருகிறது.
– மொழிபெயர்ப்பாளர்

ஐயா, 'ஒடுக்கம்' இருக்கக் கவலை ஏன்? அடங்கு, அடக்கம்; முடங்கு, முடக்கம்; ஒடுங்கு, ஒடுக்கம். தன்வினையில் பிறந்த பெயர், ஆகவே ஒடுக்கியவர் யார் என்ற கேள்வி எழாது. 'குவாண்டம்' என்பதையும் 'குவையம்' ஆக்கிவிடுங்கள்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

வகுப்பில் சொல்லிப் பார்த்தேன் ஐயா. ஆற்றல் ஒடுங்குகிறது என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள். நடப்பது நேர்மாறு. எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் சேர்ந்த இணை, காட்மியம் செலினைடில் இயல்பாகப் பரவ ஏறத்தாழ 10 நானோமீட்டர் கேட்கும். துகளே 3 நானோமீட்டர் என்றால் இயக்க ஆற்றல் ஏறுகிறது. பெரிய படிகத்தில் 1.74 எலக்ட்ரான் வோல்ட்டாக இருக்கும் பட்டை இடைவெளி, அதாவது எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி, விரிகிறது. ஒளி நீலத்தின் பக்கம் நகர்கிறது. 'இடநெருக்கம்' என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.
– இயற்பியல் ஆசிரியை

அம்மா, நெருக்கம் பலர் கூடினால் வருவது. இங்கே இருப்பது ஓர் இணைதான்!
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

'சிறைப்பாடு' என்பேன். சிறை என்றதும் கம்பிக்கதவை நினைக்க வேண்டாம். தொல்காப்பியத்தின் 'கற்சிறை' வரும் வெள்ளத்தைத் தாங்கும் கல்லாலான அணை. எலக்ட்ரானைச் சுற்றி நிற்கும் ஆற்றல் தடுப்பும் அதுவே. செறு என்றால் தடுத்தல், வரப்பு கட்டிய வயலும் செறு, செறிவும் அங்கிருந்தே. சிறகைக் குறிக்கும் சிறையும் இதே வேர்தானோ என்று...
– வேர்ச்சொல் ஆர்வலர்

அன்பரே, சிறகு வரை பறந்துவிட்டோம், இறங்குங்கள். கலைச்சொல் அடைமொழி தாங்க வேண்டும். தகட்டில் ஒரு திசையிலும் கம்பியில் இரண்டிலும் புள்ளியில் மூன்றிலும் தடுப்பு. அதிலும் வலியது, மெலியது என்று வகை உண்டு. சிறைப்பாடு என்றால் கடுங்காவல், வெறுங்காவல் என்று எழுதுவீர்களா? 1980களின் தொடக்கத்தில் அறிவியலாளர்கள் இருவர், எகிமோவ் கண்ணாடிக்குள் இருந்த செப்புக் குளோரைடிலும், புரூஸ் கரைசலில் மிதந்த காட்மியம் சல்பைடிலும் கண்டது அளவு மாறினால் ஒளி உறிஞ்சல் மாறுவதை. 2023 வேதியியல் நோபல் பரிசும் மற்றோர் ஆய்வாளர் பவெண்டியோடு சேர்த்து அவர்களுக்குத்தான். 'அளவு விளைவு' போதாதா?
– ஆய்வு மாணவர்

போதாது, தம்பி. அது கண்ணில் படும் விளைவு. பெயர் தேடுவது காரணத்துக்கு. கடுங்காவல் என்று எழுதினால் என் மாணவர்கள் மறக்கவே மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.
– இயற்பியல் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. 'குவாண்டம் சிறைப்பாடு' என்று அனுப்பிவிட்டேன். வன்சிறைப்பாடு, மென்சிறைப்பாடு என்று வகைகளும் வந்துவிட்டன. சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் 'கன்ஃபைன்மென்ட்' என்பதும் உடன் நிற்கும்.
– மொழிபெயர்ப்பாளர்

'குவாண்டம்' அப்படியே நிற்கிறது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'ஒடுக்கம்' பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்