மாமாவின் பேரேடும் கறுப்புத் திரை பேஸ்போலும்

வெள்ளவத்தையிலிருந்து

நேரில் ஒரு பேஸ்போல் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்க்காதவன் நான். தியகமவில் ஜப்பான்காரர் உதவியோடு கட்டிய மைதானம் இருக்கிறது. போக வேண்டும், போக வேண்டும் என்று சொல்லியே வருசங்கள் ஓடிவிட்டன. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியிருக்கிறேன். எல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இரண்டு தாயக்கட்டையால் நடந்த ஆட்டங்கள். இந்த விசர் பிடித்தவர்கள் கொழும்பில் வேறு யாரும் இருந்தால் உங்கள் கதையையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

2022 மார்ச் கடைசி. மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன கிழமை அது. ரவுட்டர் செத்துவிடும், மின்விசிறி நின்றுவிடும், லப்டொப்பில் மட்டும் கொஞ்சம் உயிர் இருக்கும். வேலைத்தலத்து நண்பர் ஒருவர் தான் பைத்தனில் எழுதிய சின்னப் புரோகிராம் ஒன்றைத் தந்திருந்தார். படம் இல்லை, பொத்தான் இல்லை, மவுஸ் வேண்டாம். கறுப்புத் திரையில் அது ஒரு வரி கேட்கும், நாம் ஒரு வரி அடிக்க வேண்டும். திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டால் பற்றரி இரண்டரை மணித்தியாலம் தாங்கும். ஒரு ஆட்டத்துக்கு அது தாராளம்.

ஆட்டத்தை நடத்துவது தாயக்கட்டை, கணக்கு வைப்பது புரோகிராம். லூடோ பெட்டியிலிருந்து சிவப்புக் கட்டை ஒன்று, வெள்ளைக் கட்டை ஒன்று. சிவப்பில் 4, வெள்ளையில் 2 விழுந்தால் 42. இப்படி 11 முதல் 66 வரை 36 வழி. 1951 இல் வந்த ஆப்பா என்ற அமெரிக்கப் பலகை ஆட்டத்தின் யோசனைதான் இது, நான் கண்டுபிடித்ததல்ல. ஒவ்வொரு வீரனுக்கும் 36 கட்டம் கொண்ட அட்டை ஒன்று எழுத வேண்டும். நியூயோர்க் யாங்கீஸ் அணியின் பேப் ரூத் 1927 இல் 691 தடவை மட்டை பிடிக்க வந்து 60 ஹோம் ரன் அடித்தார், 137 தடவை நாலு 'போல்' (அடிக்க எட்டாமல் எறிந்த பந்து) வாங்கி நடந்தே முதல் பேஸுக்குப் போனார். 36 கட்டத்துக்குச் சுருக்கினால் ஹோம் ரன்னுக்கு 3, நடைக்கு 7. உலகமே கொண்டாடிய மனிதருக்கு மூன்றே மூன்று கட்டம் என்று முதல் நாள் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஸ்கோர் எழுதும் முறை கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குக் கஷ்டமில்லை. களத்தில் நிற்பவருக்கு இலக்கம்: பிட்சர் (பந்து எறிபவர்) 1, பிடிப்பவர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷோர்ட்ஸ்டொப் 6, வெளிக்களத்தில் இடமிருந்து 7, 8, 9. ஷோர்ட்ஸ்டொப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இருவர் அவுட் என்றால் 6-4-3. அவ்வளவுதான். ஆனால் அடித்தவன் எங்கே போனான் என்பதோடு நிற்காது. ஏற்கனவே பேஸில் நின்றவன் ஒவ்வொருவனும் எங்கே போனான் என்றும் எழுத வேண்டும். ஒருவனை மறந்தால் புரோகிராம் அடுத்த வரியை ஏற்காது.

இதில் மாமா எப்படி வந்தார் என்றுதானே கேட்கிறீர்கள். மனைவியின் அப்பா, புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வாழ்நாள் முழுக்கக் கணக்குப்பிள்ளை. கரண்ட் இல்லாத இரவில் செய்தி பார்க்க முடியாமல், மெழுகுதிரியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பேஸ்போலில் அவருக்கு அக்கறை இல்லை. ஆட்ட முடிவில் திரையில் விழுந்த ஒரு வரிதான் அவரைப் பிடித்தது.

அந்த வரி இதுதான். ஒரு அணியில் மட்டை பிடிக்க வந்த தடவைகள் எல்லாவற்றையும் கூட்டினால், எடுத்த ரன், பேஸிலேயே விடப்பட்டவர்கள், அவுட் ஆனவர்கள் மூன்றினதும் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். வந்தவன் ஒன்றில் பேஸெல்லாம் சுற்றி வீடு, அதாவது புறப்பட்ட இடம், சேர்ந்தான், அல்லது வழியில் நின்றான், அல்லது அவுட். நாலாவது வழி கிடையாது. "பரீட்சை மீதி!" என்றார் மாமா. பேரேட்டின் இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று கணக்குப்பிள்ளைகள் போட்டுப் பார்ப்பது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டமும் முடிந்தவுடன் அந்த வரியைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார்.

அந்தக் கிழமை 1927 யாங்கீஸ் வீட்டு அணி, 1975 சின்சினாட்டி ரெட்ஸ் வருகை அணி. யாங்கீஸ் 5-4 என்று வென்றது. முன்னணியில் இருந்ததால் கடைசியான ஒன்பதாம் இன்னிங்ஸின் கீழ்ப்பாதியை (வீட்டு அணி மட்டை பிடிக்கும் பாதி) ஆட வேண்டியிருக்கவில்லை. திரை சொன்னது: 36 தடவை, 5 ரன், 7 பேர் பேஸில், 24 அவுட். 5, 7, 24 கூட்டினால் 36. சரி என்று மூடிவிட்டேன்.

அடுத்த நாள் கரண்ட் வந்ததும் அலுவலகத்துக்குப் போய் அந்த ஸ்கோரை அச்சடித்துக் கொண்டுவந்தேன். மாமா கேட்டிருந்தார். பின்னேரம் தேத்தண்ணியோடும் பென்சிலோடும் உட்கார்ந்தவர், யாங்கீஸ் மட்டை பிடித்த ஏழாம் இன்னிங்ஸில் விரலை வைத்தார்.

"தம்பி, இவன் கெரிக் எங்க நிண்டவன்?"

"மூண்டாம் பேஸில மாமா. மியூசல் முதலாவதில. ஒரு ஆள் அவுட்."

"பிறகு?"

"லசேரி அடிச்சது ஷோர்ட்ஸ்டொப்பிட்டப் போச்சு. 6-4-3. ரெண்டு பேர் அவுட். கெரிக் ஓடி வந்திட்டான், ஒரு ரன்."

"முதல் ஒரு அவுட், பிறகு ரெண்டு. மூண்டு பேரும் போயிட்டினம். கடை பூட்டியாச்சு. பூட்டின கடையில இவன் எப்பிடிச் சாமான் வாங்கினவன்?"

எனக்குக் கோபம் வந்தது. முதல் பேஸுக்குப் பந்து வருமுன் கெரிக் வீட்டைத் தாண்டியிருப்பான் என்று வாதாடினேன். விதியைத் தேடிப் பார்த்தால் மாமா சொன்னதுதான் சரி. அடித்தவன் முதல் பேஸைத் தொடுமுன் மூன்றாவது அவுட் விழுந்தாலும், கட்டாயமாக ஓட வேண்டியவன் மேல் விழுந்தாலும், அதற்கு முன்னரே ஒருவன் வீட்டைத் தொட்டிருந்தாலும் ரன் கிடையாது.

"அப்ப ஏன் கணக்குச் சரியா வந்தது?" என்று கேட்டேன். கெரிக்கை ரன் என்று எழுதினாலும், பேஸில் விடப்பட்டவன் என்று எழுதினாலும் மொத்தம் 36 தான். 4, 8, 24. நண்பரின் புரோகிராம் இந்த விதியைச் சோதிக்கவேயில்லை.

மாமா சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "பரீட்சை மீதி சரியா வந்தாக் கணக்குச் சரியெண்டு ஆர் சொன்னது? கந்தையற்ற கடனைக் கணபதிப்பிள்ளையற்ற பக்கத்தில போட்டாலும் மீதி வடிவாத்தான் வரும். கந்தையர் வந்து சண்டை பிடிக்கேக்கைதான் தெரியும்."

ஆக ஆட்டம் 4-4. ஆடாமல் விட்ட ஒன்பதாவதின் கீழ்ப்பாதியை அன்றிரவே ஆடச் சொன்னார். மட்டைக்கு வர வேண்டியவர்கள் கோம்ஸ், கேனிக், அதற்குப் பிறகு ரூத். முதல் இருவரும் அவுட். ரூத்துக்குக் கட்டையை மாமாதான் உருட்டினார். நடை. கெரிக் உயரத் தூக்கி அடித்து நடுக்களத்தில் பிடி. பதினோராம் இன்னிங்ஸில் ரெட்ஸ் 6-4 என்று வென்றது. புள்ளி அட்டவணையையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது.

தெஹிவளையிலிருந்து

அண்ணா, உங்கள் கெரிக் கதை எனக்கு எவ்வளவோ ஆறுதல். என் வெட்கக்கேடு இதைவிடப் பெரியது.

நான் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறவள். தாயக்கட்டை உருட்டுமளவு பொறுமை இல்லை, ஆட்டத்தையே கணினி ஆடட்டும் என்று ஸ்கிரிப்ட் எழுதினேன். அது ஆடி முடித்து ரெட்ரோஷீட் முறையில் ஒரு கோப்பு எழுதும். 1989 இல் டேவிட் ஸ்மித் என்ற உயிரியல் பேராசிரியர் தொடங்கிய தொண்டு முயற்சி அது, பழைய ஆட்டங்களில் மட்டைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது என்று சேகரிக்கிறார்கள். அந்தக் கோப்பைச் சாட்விக் என்ற கட்டளைவரிக் கருவித் தொகுப்புக்குக் கொடுத்தால் பத்திரிகையில் வருவதுபோல ஸ்கோர் அட்டை அடித்துத் தரும்.

ஒரு முழுப் பருவம் ஓட்டினேன். என் பிட்சர் ஒருவன், களத்தடுப்புப் பிழையால் வராமல் தன் தலையில் ஏறும் ரன் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. சராசரி 0.00. அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன்! பிறகு பார்த்தால் அவன் மட்டுமில்லை, எல்லா அணியிலும் எல்லாப் பிட்சரும் 0.00. பிட்சரின் தலையில் எழுத வேண்டிய ரன் எத்தனை என்று கருவி தானாகக் கணக்கிடுவதில்லை. கோப்பின் கடைசியில் ஒவ்வொரு பிட்சருக்கும் தனி வரி எழுதி நாமே சொல்ல வேண்டும். நான் அந்த வரியே எழுதவில்லை.

முதலில் கருவி மேல்தான் எரிச்சல். யோசித்தால் நியாயம் இருக்கிறது. களத்தில் ஒருவன் பந்தைத் தவறவிட்டிருக்காவிட்டால் அந்த இன்னிங்ஸ் எப்படிப் போயிருக்கும் என்று மனதுக்குள் திரும்ப ஆடிப் பார்த்துத்தான் ஸ்கோரர் அதைத் தீர்மானிக்கிறார். அதை நிரலாக எழுத இரண்டு வார இறுதி மெனக்கெட்டேன், ஏலவில்லை. கடைசியில் என் ஆட்டத்தில் களத்தடுப்புப் பிழை, பிடிப்பவர் பந்தை விடுவது இரண்டையும் எடுத்துவிட்டேன். இப்போது எல்லா ரன்னும் பிட்சர் தலையில்தான். அழாப்பி விளையாட்டு என்று தெரியும், பரவாயில்லை.

மருதானையிலிருந்து

பள்ளிக்கூடக் காலத்தில் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதியவன் நான். மட்டைக்காரர் ரன்னும் உதிரியும் கூட்டினால் அணியின் மொத்தம், பந்துவீச்சாளர் கொடுத்ததும் பையும் லெக் பையும் கூட்டினாலும் அதே மொத்தம். ஓவருக்கு ஓவர் பக்கத்து ஸ்கோரரோடு ஒப்பிட்டுக் கொண்டே போவோம். புத்தகமும் பென்சிலும் இருக்க இந்தக் கறுப்புத் திரை எதற்கு? அதுவும் பார்க்காத ஆட்டத்துக்கு! கோபிக்காதீர்கள், விளங்கவில்லை, அதனால் கேட்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

மேலே எழுதிய அண்ணைக்கு ஒன்று. தெஹிவளை அக்கா சொன்ன கருவிக்கு ஹென்றி சாட்விக்கின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். 1824 இல் இங்கிலாந்தின் எக்சிற்றரில் பிறந்து அமெரிக்கா போனவர், அங்கே பத்திரிகைக்குக் கிரிக்கெட் எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையைப் பார்த்தே பேஸ்போலுக்கும் அட்டை செய்தார். மூன்று ஸ்ட்ரைக்கில், அதாவது மூன்று பந்தை அடிக்கத் தவறி, அவுட் என்றால் 'கே' என்று குறிப்பதும் அவர் வேலைதான், 'ஸ்ட்ரக்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து. ஆகவே நீங்களும் நாங்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

என் அனுபவம் சின்னது. சொந்தக்காரர்களை எல்லாம் வீரர்களாக்கி இரண்டு அணி செய்தேன். ரெட்ரோஷீட் முறையில் ஒவ்வொருவருக்கும் எட்டு எழுத்து அடையாளம் வேண்டும்: குடும்பப் பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, சொந்தப் பெயரின் முதல் எழுத்து, மூன்று இலக்கம். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேருக்கு அப்பா பெயர் 'சிவ' என்று தொடங்கும், பிள்ளைகள் பெயர் 'க' வில். ஆங்கிலத்தில் அந்தச் 'சிவ' சரியாக நாலு எழுத்து. அணியில் ஆறு பேருக்குக் கடைசி இலக்கம் மட்டும்தான் வித்தியாசம். பெரியப்பா அடித்த ஹோம் ரன் சித்தப்பா கணக்கில் ஏறிவிட்டது. கலியாண வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், பெரியப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

திரையில் பெயராவது தமிழில் வரட்டும் என்று மாற்றினால் அட்டையே கோணல். சி மொழியில் எழுதிய கருவி எழுத்தை எண்ணாது, கணினி நினைவின் அலகான பைட்டை எண்ணும். 'கொட்டாஞ்சேனை' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, உள்ளே 36 பைட். பெயருக்கு 20 இடம் ஒதுக்கியிருந்தால் அந்த ஒரு சொல்லே வேலி தாண்டிவிடும், பின்னால் உள்ள இலக்கமெல்லாம் பக்கத்து வளவுக்குள் போய்விடும். இப்போது நெடுவரிசைகளுக்கு நடுவில் காற்புள்ளி வைத்து எடுத்து, விரிதாளில் போட்டுப் பார்க்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து

மருதானை அண்ணா, உங்கள் கேள்வியை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தத் தம்பி சொல்லுறது சரி" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கணக்கு ஓடுகிறது. நான் திரையில் அடிக்கிறேன், மாமா பழைய சிவப்புக் கோடு போட்ட பேரேட்டில் எழுதுகிறார். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் ஒப்பிடுகிறோம். நண்பரும் புரோகிராமில் அந்த மூன்றாவது அவுட் விதியைச் சேர்த்துவிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் பேரேடுதான் முன்னுக்கு நிற்கிறது. மட்டையை அசைக்காமல் மூன்றாவது ஸ்ட்ரைக்கைப் பார்த்துக்கொண்டே அவுட் ஆனால் தாளில் 'கே' யைத் திருப்பிப் போடுவார்கள். விசைப்பலகையில் அதற்கு வழியில்லை என்று மாமாவிடம் சொன்னேன். அவர் பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். வீசி அவுட் ஆனவனுக்கு 'வீ', பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு 'பா' என்று தொடக்கத்திலிருந்தே எழுதியிருக்கிறார். ரூத் பெயருக்கு எதிரே ஒன்பது 'வீ', இரண்டு 'பா'.