கொடைக்கானல் அபார்ட்மென்ட்ட சீசனுக்கு மட்டும் டூரிஸ்ட்டுக்கு விடலாமா? பர்மிஷன் எங்க வாங்கணும்?

மதுரைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா ரிட்டயர் ஆன காசுல கொடைக்கானல்ல நாயுடுபுரம் தாண்டி ஒரு சின்ன அபார்ட்மென்ட்ல ரெண்டு பிளாட் வாங்கிப் போட்டாரு. மொத்தம் எட்டு வீடு, எங்க ரெண்டும் மேல் மாடி. கீழ ரெண்டு குடும்பம் வருஷம் பூரா இருக்காங்க, மத்ததெல்லாம் எங்கள மாதிரி லீவுக்கு வந்து போறவங்க, பாதி நாளு பூட்டியே கெடக்கும். பூட்டி வச்சா ஈரம் ஏறி செவுரு பூத்துப் போகுது, வருஷா வருஷம் பெயின்ட் செலவு வேற. சரி ஏப்ரல் மே, அப்புறம் பூஜா லீவு, டிசம்பர் இந்த மூணு நேரம் மட்டும் டூரிஸ்ட்டுக்கு நாள் வாடகைக்கு விட்டா மெயின்டனன்ஸாவது தேறுமேன்னு பாக்குறேன்.

எங்களுக்கு வீட்ட வாங்கிக் குடுத்த ப்ரோக்கர் அண்ணன் "ஆன்லைன்ல போட்டோ போடுங்க தம்பி, அங்க யாரு பர்மிஷன் கேக்குறா"ன்றாரு. மச்சான் என்னடான்னா "சீல் வச்சிட்டுப் போயிருவாய்ங்க"ன்னு பயமுறுத்துறான். பிளான் அப்ரூவல் காப்பி அப்பாகிட்ட இருக்கு, ரெசிடென்ஷியல்னு போட்டிருக்கு, அது போதாதா? போதாதுன்னா எந்த ஆபீஸ்ல ஆரம்பிக்கணும்? வருஷத்துல மூணு மாசத்துக்கு மட்டும்னு ஏதாவது தனி பர்மிஷன் உண்டா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்கேல்பென்சில்:
தம்பி, நான் பிளான் போட்டுக் குடுக்குற வேலைல இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன், மலைப் பகுதி பைலும் பாத்திருக்கேன். உங்க மச்சான் சொல்றதுதான் சரி.

ரெசிடென்ஷியல்னு போட்டிருக்கே போதாதான்னு கேக்குறீங்க, அதுதாங்க பிரச்சினையே. பர்மிஷன்ங்கறது செங்கல் அடுக்கறதுக்கு மட்டும் குடுக்கறது இல்ல, அந்தக் கட்டடத்த எதுக்கு பயன்படுத்தப் போறீங்கங்கறதுக்கும் சேத்துத்தான். 1971 டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் ஆக்ட்ல "டெவலப்மென்ட்"னா என்னன்னு சொல்ற இடத்துலயே கட்டடத்தோட பயன்பாட்ட மாத்தறதும் அதுக்குள்ள வரும்னு இருக்கு, அதுனால ஒரு ஆணி கூட அடிக்காம வீட்ட லாட்ஜ் மாதிரி ஓட்டினாலும் 49வது பிரிவுல அனுமதி வாங்கணும். வாங்காம ஓட்டினா 56, 57ல நோட்டீஸ், சீல் எல்லாம் வரும். கொடைக்கானல்ல 2019ல ஹைகோர்ட் மதுரை கிளை உத்தரவுல விதி மீறின கட்டடத்துக்கெல்லாம் வரிசையா சீல் வச்சாங்களே, மதுரைல இருந்துக்கிட்டு மறந்திருக்க மாட்டீங்க.

அதுனால முதல்ல உங்க சர்வே நம்பர் மாஸ்டர் பிளான்ல, அதாவது ஊர்ல எந்தப் பகுதி எதுக்குன்னு பிரிச்சு வச்ச திட்டத்துல, எந்த ஜோன்ல இருக்குன்னு பாருங்க. கொடைக்கானல்ல நகராட்சிலயே பிளானிங் செக்ஷன் இருக்கு, டிடிசிபி, அதான் நகர் ஊரமைப்புத் துறை, மாவட்ட ஆபீஸ்லயும் கேக்கலாம், வாயால கேக்காம எழுதிக் குடுத்து எழுத்துலயே பதில் வாங்குங்க. அந்த ஜோன்ல தங்கும் விடுதி அனுமதிச்ச பயன்பாடுன்னு இருந்தா பயன்பாட்டு மாத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம், பார்க்கிங் ரோடு அகலம் எல்லாம் விடுதிக் கணக்குல பாப்பாங்க, அங்கதான் பாதி பேரு மாட்டிக்குவாங்க. ஜோன்லயே இல்லைன்னா நில வகைப்பாட்டையே மாத்தணும், அது அதே சட்டம் 32(4)ல அரசாங்கம் வரைக்கும் போற பைல், ரெண்டு பிளாட்டுக்காக அதுல எறங்காதீங்க. கிராமம் ஹாக்கா (மலைப் பகுதி பாதுகாப்பு ஆணையம்) லிஸ்ட்ல இருந்து கட்டடமும் பெருசுன்னா காட்டிலாகா, கனிமவளம், வேளாண் பொறியியல்னு மூணு பக்கமும் சுத்தணும்.

இன்னொண்ணு, நிறைய பேரு கோட்ட விடற இடம். அப்ரூவ்டு பிளான விரிச்சு வச்சு எண்ணிப் பாருங்க. எத்தன மாடி, எத்தன வீடு காட்டியிருக்குன்னு. முதல் பக்கத்துல இருக்கற அப்ரூவல் முத்திரைய மட்டும் பாத்துட்டு பத்திரமா மடிச்சு வச்சிருவாங்க எல்லாரும்.

கோத்தகிரி ஆளு:
ஸ்கேல்பென்சில் அண்ணா சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்ல, நான் பட்டத மட்டும் சொல்றேன். எங்க சொந்த வீட்டுல மேல் போர்ஷன் மூணு ரூம ஹோம்ஸ்டேனு ஓட்டறேன். ஆரம்பத்துல வீட்டு கனெக்ஷன்லயே ஓட்டினேன், ஹீட்டரு கீசரு எல்லாம் அதுலதான், அந்த 100 யூனிட் ப்ரீயும் சேத்து வாங்கிட்டிருந்தேன், இப்ப நெனச்சா சிரிப்பு வருது. ஒரு நாள் செக்கிங் வந்தாங்க. மின்சாரச் சட்டம் 126வது பிரிவாம், கமர்ஷியல் ரேட்ட போல ரெண்டு மடங்கு, எப்ப இருந்து இப்படி ஓட்டறேன்னு தெரியலைன்னா பின்னால 12 மாசத்துக்கு போடலாமாம். போட்டாங்க. அந்த சீசன் சம்பாத்தியம் அப்படியே போச்சு.

அப்புறம் ஹோம்ஸ்டேனு பதிவு பண்ணிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பிறாதீங்க, உங்களுக்கு ஆகாது. மத்திய சுற்றுலாத் துறை ஸ்கீம்ல ஒண்ணுல இருந்து ஆறு ரூம் வரைக்கும்தான், முக்கியமா ஓனர் குடும்பம் அதே வீட்டுல குடியிருக்கணும். நீங்க மதுரைல உக்காந்துக்கிட்டு சாவிய வாட்ச்மேன்ட்ட குடுத்தா அது ஹோம்ஸ்டே ஆகாது. வெளிநாட்டுக்காரங்க வந்தா 24 மணி நேரத்துல அவங்க விவரத்த ஆன்லைன்ல அரசாங்கத்துக்கு ஏத்தணும், அதுவும் ஞாபகம் வச்சுக்கோங்க.

வருமானக் கணக்கையும் பழசு மாதிரி போடாதீங்க. 2024 மே 7லேர்ந்து மலைக்கு வர்ற வண்டிக்கு இ-பாஸ், 2025 சீசன்ல கோர்ட்டே நம்பர் போட்டுருச்சு, உங்க ஊருக்கு வார நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறு 6000. எங்க நீலகிரிக்கு 6000, 8000. பழைய மே மாசத்த நெனச்சுக்கிட்டு வட்டிக்கு வாங்கி சோபா செட் போட்டவங்க இங்க நாலு பேரு இருக்காங்க.

கீழ் வீட்டு அக்கா:
நான் உங்க கட்டடம் இல்ல, ஆனா இதே மாதிரி ஒரு மலை ஊர் அபார்ட்மென்ட்ல வருஷம் பூரா குடியிருக்கற ஆளு. எல்லாரும் ஆபீஸ பத்தி பேசறீங்க, கீழ இருக்கற அந்த ரெண்டு குடும்பத்துகிட்ட கேட்டீங்களா தம்பி? எங்க மேல் வீட்ட ஒருத்தர் இப்படித்தான் விட்டாரு. நாலு பேருன்னு புக் பண்ணி பன்னெண்டு பேரு வருவாங்க, ராத்திரி ஒரு மணிக்கு ஸ்பீக்கரு, கார் நிறுத்த எடமில்லாம எங்க வாசல்ல நிறுத்திட்டு போன எடுக்க மாட்டாங்க. அது கூட பொறுத்துக்கலாம், தண்ணி? மே மாசம் லாரித் தண்ணி எறக்கித்தான் தொட்டி ரொம்புது, காச எட்டு வீடும் சமமா பிரிக்கறோம், குளிக்கறது அவரு கஸ்டமரு. செப்டிக் டேங்க் ரெண்டு தடவ பொங்கிருச்சு, அத எழுத வேணாம் விடுங்க.

கடைசில அசோசியேஷன்ல தீர்மானம் போட்டு நகராட்சிக்கும் மனு குடுத்தோம், நிறுத்திட்டாரு. 2022 அபார்ட்மென்ட் ஓனர்ஷிப் சட்டம் இப்ப அமல்ல இருக்கு, உங்க சங்கத்தோட பைலாவ, அதான் சங்க விதிமுறைய, வாங்கிப் படிங்க, நாள் வாடகைக்கு விடக்கூடாதுன்னு ஒரு வரி இருந்தா நீங்க ஜோன் தேடி அலையறதே வேஸ்ட். கோவப்பட்டு எழுதல, உண்மையாத்தான் சொல்றேன்.

ஸ்கேல்பென்சில்:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. ஆபீஸ்காரங்க தானா வந்து பாக்கறது கம்மி, பக்கத்து வீட்டுக்காரர் மனு குடுத்துத்தான் பாதி பைலு ஆரம்பிக்கும்.

இல்போர்ட் பெடியன்:
நான் லண்டனில இருக்கிறன், இஞ்சத்தைய கதைய ஒருக்கா சொல்லுறன், அண்ணை கேட்ட "சீசனுக்கு மட்டும்" எண்ட கேள்விக்கு இது சரியாப் பொருந்தும். லண்டனில குடியிருக்கிற வீட்ட வருசத்துக்கு 90 இரவு வரைக்கும் பிளானிங் பெர்மிஷன் இல்லாமல் சுற்றுலாக்காரருக்குக் குடுக்கலாம், 2015ல வந்த சட்டம். 91வது இரவெண்டால் பாவனை மாற்றம், கவுன்சிலிட்ட போகவேணும். ஆனா ஸ்கொட்லாந்தில எடின்பரோ முழுக்க 2022ல இருந்து கட்டுப்பாட்டு வலயம், அங்க நீங்கள் குடியிராத முழு வீட்ட இப்பிடி விடுறதுக்குப் பெர்மிஷனும் வேணும், லைசென்சும் வேணும். என்ர சிநேகிதன் ஒருத்தன் அங்க ஒரு பிளாட்டுக்கு அப்ளை பண்ணிப்போட்டு, பொதுப் படிக்கட்டு இருக்கிற கட்டிடம் எண்டு மறுத்துப்போட்டாங்கள். இந்தியாவில இப்பிடி நாள் எண்ணுற முறை இருக்கோ?

ஸ்கேல்பென்சில்:
நம்ம விதியில அந்த மாதிரி நாள் கணக்கு கிடையாது தம்பி. மூணு நாள் விட்டாலும் முன்னூறு நாள் விட்டாலும் விடுதின்னா விடுதிதான். வருஷத்துல கொஞ்ச நாள்தானேன்னு சொல்லி யாரும் தப்பிச்சு நான் பாத்ததில்ல. அதே வீட்ட ஒரு குடும்பத்துக்கு அக்ரிமென்ட் போட்டு மாச வாடகைக்கு விட்டா அது குடியிருப்புதான், பயன்பாடு மாறல, அதுக்குன்னு பிளானிங் அனுமதி வாங்க வேணாம்.

மதுரைக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, நீங்க சொன்னது சுருக்குன்னு இருந்துச்சு, கீழ் வீட்டுக்காரங்ககிட்ட நான் இதுவரைக்கும் கேக்கவே இல்ல.

போன வாரம் நேர்லயே போய்ட்டு வந்துட்டேன். நகராட்சில எழுதிக் குடுத்தேன், ஜோன் பத்தி பதில் தபால்ல வரும்னு சொன்னாங்க. அத விடுங்க. அண்ணன் சொன்ன மாதிரி அப்பாவோட பிளான் காப்பிய டேபிள்ல விரிச்சு எண்ணினேன். தரைத்தளம் மூணு வீடு, முதல் மாடி மூணு வீடு. அதுக்கு மேல மொட்டை மாடி, ஒரு தண்ணித் தொட்டி, படிக்கட்டு ரூம். அவ்வளவுதான். எங்க ரெண்டு பிளாட்டும் இருக்கற எடத்துல பிளான்ல தண்ணித் தொட்டிதான் இருக்கு. மூணு தடவ பாத்துட்டேன். பத்திரத்துல ரெண்டாவது மாடின்னு தெளிவா இருக்கு, வரி ரசீது கூட இருக்கு, பிளான்ல மட்டும் காணோம்.

இப்ப என்ன பண்றது அண்ணே? ப்ரோக்கருக்கு நாலு தடவ போன் அடிச்சுட்டேன், எடுக்கல.

ஸ்கேல்பென்சில்:
அட கடவுளே. தம்பி, இப்ப வாடகைப் பேச்சே வேணாம், ஆன்லைன்ல ஏதாவது போட்டிருந்தா இன்னிக்கே எடுத்துருங்க. பயன்பாட்டு மாத்தத்துக்கு விண்ணப்பமும் போடாதீங்க, நீங்களே அவங்களக் கூட்டிட்டுப் போய் மேல் மாடிய காட்டற மாதிரி ஆயிரும். வரி கட்டின ரசீது வேற, கட்டட அனுமதி வேற, ரசீத வச்சு யாரும் மாடிய சரி பண்ணிக் குடுக்க மாட்டாங்க. முதல்ல நகராட்சில அந்தக் கட்டடத்தோட அனுமதி பைல ஆர்டிஐ போட்டு முழுசா வாங்குங்க, பின்னால திருத்தின பிளான் ஏதாவது வாங்கியிருக்காங்களான்னு பாக்கணும், சில பேரு வாங்கிட்டு காப்பி குடுக்காம விட்டுருப்பாங்க. இல்லைன்னா பில்டர் மேல போறதுக்கு ஒரு நல்ல வக்கீலப் பாருங்க, வித்த தேதி முக்கியம், தள்ளிப் போடாதீங்க. நோட்டீஸ் ஏதாவது வந்தா அதே 1971 சட்டம் 80-ஏ பிரிவுல அரசாங்கத்துக்கு மனு போடலாம், அது வரும்போது பாத்துக்கலாம். மேல் மாடில உங்க ரெண்டு வீடு மட்டும்தானா?

மதுரைக்காரன்:
ஆமாண்ணே, எங்க ரெண்டு மட்டும்தான். ஆர்டிஐ திங்கக்கிழமை போட்டுர்றேன். அப்பாட்ட இன்னும் சொல்லல, இந்த மே மாசம் அங்க போய் ஒரு மாசம் தங்கணும்னு கம்பளி எல்லாம் வெயில்ல காய வச்சிட்டிருக்காரு.