லேட்டன்சிக்கு ‘உள்ளுறைநிலை’: ஹெர்பிஸ் கட்டுரைகளுக்கான சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹெர்பிஸ் நோய்கள் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் எந்தச் சொல்லை ஆளலாம் என்று பேசிவருகிறோம். வைரஸ் உடலுக்குள்ளேயே தங்கிவிடும் ‘லேட்டன்சி’க்கு (latency) உறங்குநிலை, மறைநிலை, செயலற்ற நிலை என மூன்று சொற்கள் இந்த இழையில் வந்திருக்கின்றன. நான் ‘உள்ளுறைநிலை’யை முன்வைக்கிறேன். பள்ளி இயற்பியலில் ‘உள்ளுறை வெப்பம்’ படித்தவர்களுக்குப் பழகிய சொல்தான்.

ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்களுக்கு இந்தக் குணம் அடிப்படை. சின்னம்மை ஆறிய பிறகும் வரிசெல்லா சோஸ்டர் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்புக்கணுக்களிலும் (நரம்பணுக்கள் திரண்ட முடிச்சுகள்) மூளை நரம்புகளின் கணுக்களிலும் தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்து எதிர்ப்பாற்றல் குறையும்போது, பெரும்பாலும் ஒரு நரம்பின் வழியே இறங்கி, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளங்களை எழுப்புகிறது. நம் ஊரில் அக்கி என்பது அதைத்தான். ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸில் (ஹெச்எஸ்வி) இரண்டு வகை. வாயோரப் புண் தரும் ஹெச்எஸ்வி-1 முகத்தின் உணர்வு நரம்பான டிரைஜெமினல் நரம்பின் கணுவிலும், பிறப்புறுப்பில் வரும் ஹெச்எஸ்வி-2 கீழ்முதுகுக் கணுக்களிலும் பெரும்பாலும் உள்ளுறைகின்றன.

‘உறங்குநிலை’ காதுக்கு இனிமைதான். ஆனால் உறங்குகிறது என்று படித்தவர், அதுவரை யாருக்கும் தொற்றாது என்றே எடுத்துக்கொள்வார். ஹெச்எஸ்வியோ புண் எதுவும் தெரியாத நாட்களிலும் தோலில் வெளிப்பட்டுத் துணைக்குத் தொற்றக்கூடியது. ‘செயலற்ற நிலை’க்கும் இதே குறை. ‘உள்ளுறை’ அப்படி எந்த வாக்குறுதியும் தராது. உள்ளே இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

‘மறைநிலை’யில் எனக்கு வேறு கவலை. ‘மறைநிலைக் காலம்’ என்று எழுதிவிட்டால் நோயரும்பு காலத்தோடு, அதாவது தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும்வரையான காலத்தோடு, குழம்பிவிடும். ஹெச்எஸ்வியின் நோயரும்பு காலம் சுமார் 2 முதல் 12 நாள். உள்ளுறைநிலையோ ஆயுள் முழுவதும் நீளும். முதல் தொற்று அறிகுறியே இல்லாமல் கடந்து, முதல் புண் ஆண்டுகள் கழித்தும் வரலாம். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர், இப்போது புண் வந்ததால் துணை அண்மையில்தான் தவறினார் என்று முடிவுகட்டிவிடுவார். ஒரு சொல்லின் குழப்பத்தால் ஒரு குடும்பம் உடைய வேண்டுமா?

உள்ளுறைந்த வைரஸ் மீண்டும் கிளம்பும் ‘ரீஆக்டிவேஷன்’ என்பதற்கு ‘மீளெழுச்சி’ போதும். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “வைரஸ் நரம்புக்கணுவில் உள்ளுறைகிறது, அதன் மீளெழுச்சியே அக்கி.” இடறவில்லை. ‘உள்ளுறைக் காசநோய்’ என்றும் நீட்டலாம்.

அப்புறம், ஹெச்எஸ்விக்கும் ‘அக்கி’ என்றே எழுதலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அக்கி, சின்னம்மை வைரஸின் மீளெழுச்சியான சோஸ்டருக்கு மட்டுமே இருக்கட்டும். ஊர்ப்புறத்தில் இன்றும் செங்காவி குழைத்து அக்கி எழுதுகிறார்கள். கொப்புளம் சில வாரங்களில் தானாகவே ஆறுவதால் எழுதியதால்தான் போனது என்ற நம்பிக்கை நிலைக்கிறது. அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. கொப்புளம் ஆறியும் மாதக்கணக்கில் எரியும் நரம்புவலி முதியவர்களை வதைப்பது. ஆகவே ‘அக்கி’ என்ற தலைப்பைத் தேடி வருபவருக்கு இந்த 72 மணி நேரச் செய்தி முதல் பத்தியிலேயே கிடைக்க வேண்டும்.

நோய்க் குடும்பத்தின் பெயர் ‘ஹெர்பிஸ்’ என்றே இருக்கட்டும். ‘படர்’ என்று தொடங்கும் சொல்லாக மொழிபெயர்த்தால் படர்தாமரையோடு போய் ஒட்டிக்கொள்ளும். அது பூஞ்சை நோய். சின்னம்மைக்கு இலங்கை வழக்கான ‘கொப்பளிப்பான்’ என்பதையும் கட்டுரையில் சேர்த்துவிடுகிறேன். ‘மீளெழுச்சி’யைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.