வளவுக் குழுவில் ஒரு எஸ்.பி.எஸ் விவாதம்

வெள்ளி, விடிய 5.12

மாமி: இஞ்சருங்கோ, எழும்பிவிட்டீர்களா? இங்கே எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டார்கள். நானும் ரிவியும்தான். கிரேக்க மொழியில் செய்தி போகிறது. ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் வாசிக்கிற பெண்ணின் சட்டை நல்ல வடிவு.

மாமா: எழும்பிப் பிளேன்ரீயும் குடித்தாயிற்று. நானே போட்டேன்.

மாமி: சீனி எத்தனை கரண்டி?

மாமா: அவுஸ்திரேலியாவில் என்னத்துக்குக் கிரேக்கச் செய்தி?

மாமி: சீனி எத்தனை கரண்டி என்று கேட்டேன்.

நான்: மாமி, மாமா தப்பி ஓடுகிறார் 😄

மாமி: கிரேக்கம் முடிந்து இப்போது இத்தாலி. இந்த ரிவி பழுதோ தெரியாது.

காலை 8.05

மெல்பேர்ண் மச்சாள்: அம்மா, ரிவி பழுதில்லை. அது இங்கே பல மொழியில் ஒளிபரப்புகிற எஸ்.பி.எஸ் நிறுவனத்தின் வேர்ல்ட்வொட்ச். 2022இல் தொடங்கிய அலைவரிசை. அந்தந்த நாட்டுச் செய்தியை அந்தந்த மொழியிலேயே போடுவார்கள். ஏதென்ஸிலிருந்து வருவதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அரபிக்கும் மாண்டரினுக்கும் இங்கேயே செய்தி தயாரிக்கிறார்கள்.

கொழும்பு அண்ணை: அரசாங்கக் காசிலா?

மெல்பேர்ண் மச்சாள்: ஓம், பெரும்பகுதி அரசாங்கக் காசு. விளம்பரமும் உண்டு, ஆனால் மணிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் போடக்கூடாது என்று 1991ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. எல்லா அவுஸ்திரேலியருக்கும் பல மொழியில், பல பண்பாட்டுக்கும் இடம் கொடுத்து ஒளிபரப்ப வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.
தொடக்கம் இன்னும் வேடிக்கை. 1975இல் மெடிபாங்க் என்ற மருத்துவக் காப்புறுதித் திட்டம் வந்தது. ஆங்கிலம் தெரியாத குடியேறிகளுக்கு அதை யார் விளக்குவது? அதற்காக சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இரண்டு சின்ன வானொலிகளைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக் காசைப் பற்றிய அறிவித்தலுக்கு வந்த வானொலி அப்படியே வளர்ந்து, 1980 ஒக்ரோபர் 24, ஐக்கிய நாடுகள் தினத்தன்று ரிவியாகவும் வந்துவிட்டது. 0ஆம் அலைவரிசையும் 28ஆம் அலைவரிசையும்.

மாமா: பொறு பொறு. 0உம் 28உம் என்றா சொன்னாய்?

மெல்பேர்ண் மச்சாள்: ஓம் அப்பா. ஏன்?

மாமா: 28 யூ.எச்.எப், அலைநீளம் குறைந்தது. அதற்கு வேறு அன்டெனா வேண்டும். 0க்கு மூன்று மீற்றர் நீளத்தில் கம்பி, 28க்கு ஒரு அடி போதும். அந்தக் காலத்தில் அங்கே ஒருத்தன் புது அன்டெனா பூட்டுகிறான் என்றால், வெளிநாட்டுப் படம் பார்க்கத்தான் பூட்டுகிறான் என்று அயலுக்கே தெரிந்திருக்கும்.
நாங்களும் அதைத்தானே செய்தோம். என் அன்டெனாக் கடையில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. தெற்கே திருப்பினால் ரூபவாஹினி, மேற்கே திருப்பினால் கொடைக்கானல் தூர்தர்ஷன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தால் யாழ்ப்பாணத்து அன்டெனா முழுக்க மேற்கேதான் பார்க்கும், பாட்டுக்கு. 1990இல் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரமும் போனது, கரண்டும் போனது. பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, வானொலி கேட்ட கதைதான்.

சின்னமாமா: அந்த அலுமினியக் குழாயில் ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் உடுப்புக் காயப்போடுகிற கொடியாக இருக்கிறது.

கொழும்பு அண்ணை: சரி, நான் ஒன்று கேட்கிறேன். எங்களுக்கு நேத்ரா இருக்கிறது. 2009இல் வசந்தம் வந்தது. நாள் முழுக்கத் தமிழ். உங்கள் எஸ்.பி.எஸ் ரிவியில் தமிழுக்கு என்ன கிடைக்கிறது?

மெல்பேர்ண் மச்சாள்: ரிவியில் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். எப்போதாவது ஒரு படம். வானொலியிலும் பொட்காஸ்டிலும்தான் எஸ்.பி.எஸ் தமிழ். ஐந்து வருடத்துக்கொரு தரம் குடிசன மதிப்பீட்டில் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். 2021இல் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர் தமிழ் என்று எழுதினார்கள். எந்த மொழிக்கு எவ்வளவு நேரம் என்று தீர்மானிக்க அந்தக் கணக்கைப் பார்ப்பார்கள். தலை எண்ணிக்கை மட்டுமில்லை, அந்த மொழிக்காரரில் எத்தனை பேருக்கு ஆங்கிலம் தெரியாது, எத்தனை பேர் முதியவர்கள், எத்தனை பேர் புதிதாக வந்தவர்கள் என்றும் பார்ப்பார்கள்.

கொழும்பு அண்ணை: பார்த்தியா. எங்களுக்கு முழு அலைவரிசை, உங்களுக்கு ஒரு துண்டு. பிறகென்ன பெருமை?

நான்: அண்ணை, உங்கள் ஒஃபிஸில் சிங்கள ஆட்கள் யாராவது வசந்தம் பார்க்கிறார்களா?

கொழும்பு அண்ணை: அவர்களுக்கு விளங்காதே.

நான்: அதைத்தான் கேட்டேன்.

மெல்பேர்ண் மச்சாள்: இவர் இங்கே வந்த புதிதில் ஒரு ஒஸ்திரிய நாடகத்துக்கு அடிமை. வியன்னா பொலிஸ் நாய், ரெக்ஸ். கதை முழுக்க ஜேர்மன், கீழே ஆங்கில எழுத்து. நாய் கள்ளனையும் பிடிக்கும், அதிகாரியின் இறைச்சிப் பணிஸையும் களவெடுக்கும். வேலைத்தலத்தில் வெள்ளைக்காரன், வியட்நாம்காரன், இவர் எல்லாரும் அடுத்த நாள் அதைப் பற்றித்தான் கதை. எஸ்.பி.எஸ்ஸில் எனக்குப் பிடித்ததே அந்தக் கீழ் எழுத்துத்தான். வசனத்தை மொழிபெயர்த்து எழுத அங்கே தனிப்பிரிவே இருக்கிறது. உன் மொழியில் உன் ஆட்களுக்கு மட்டும் போட்டால் நீ மட்டும்தான் பார்ப்பாய். அதே நிகழ்ச்சிக்குக் கீழே எழுத்துப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரனும் பார்ப்பான்.

மாமி: எழுத்து ஓடுகிற வேகத்துக்கு நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட, கள்ளன் பிடிபட்டுவிடுவான்.

கொழும்பு அண்ணை: மாமி சொல்வதுதான் சரி. எண்பதுகளில் ரூபவாஹினி ஜப்பான் நாடகம் ஓஷினைச் சிங்களத்தில் குரல் கொடுத்துப் போட்டது. நாடே இருந்து அழுதது. எழுத்துப் போட்டிருந்தால் படிக்கத் தெரிந்த ஆட்கள் மட்டும் அழுதிருப்பார்கள்.

மெல்பேர்ண் மச்சாள்: நாடகத்துக்குக் குரல் மாற்றலாம், நான் மறுக்கவில்லை. பிள்ளையைத் தொலைத்த ஒரு தாய் கமராவுக்கு முன்னால் இருந்து பேசுகிறாள் என்று வை. அவளுக்கு யார் குரல் கொடுப்பது? அந்தக் குரலே தேவை, அண்ணை.

(ஒருவரும் பதில் போடவில்லை. சின்னமாமா மட்டும் ஒரு கும்பிடு போட்டார்.)

பகல் 1.40

மெல்பேர்ண் தம்பி: இவ்வளவு நேரம் கதைத்து ஃபுட்போலைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லையே! மற்றச் சனல்கள் உதைபந்தாட்டத்தைத் திரும்பியும் பார்க்காத காலத்திலேயே எஸ்.பி.எஸ் அதைப் போட்டது. நெடுநாள் முகமாக இருந்த லெஸ் மறே ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்தவர். 2018 உலகக் கிண்ணத்தில் காசு வாங்கி இணையத்தில் காட்டிய கம்பனி தடுமாறியபோது, மிச்ச ஆட்டங்களை எல்லாம் எஸ்.பி.எஸ்தான் இலவசமாகக் காட்டியது. ரூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டம் 1991 முதல்.

மெல்பேர்ண் மச்சாள்: உனக்கு எல்லாம் விளையாட்டு. ஆனால் முழுக்கப் புகழவும் ஏலாது. இப்போது இரவு நேரத்தில் நிறைய ஆங்கில நிகழ்ச்சி. ஒரு நாள் ரயில் பயணம், ஒரு நாள் ஹிட்லர், மறுபடி ரயில். நிகழ்ச்சிக்கு நடுவில் விளம்பரம் போடத் தொடங்கிய காலத்திலிருந்தே பழைய ஆட்கள் புறுபுறுக்கிறார்கள். 1986இல் அரசாங்கம் இதை மற்ற அரச ஒளிபரப்பு நிறுவனமான ஏ.பி.சியோடு சேர்த்துவிடப் பார்த்தது. குடியேறிய சமூகங்கள் எதிர்த்து நின்றதில்தான் அது கைவிடப்பட்டது.

மாமா: எதிர்த்தால் கைவிடுகிற அரசாங்கமா! 😮

மாமி: நான் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நேற்று ஒரு நிகழ்ச்சி தொடங்க முதல் எழுத்து வந்தது, பேரன் வாசித்துச் சொன்னான். இறந்துபோன ஆட்களின் முகமும் குரலும் இதில் இருக்கலாம் என்று எச்சரிக்கையாம். பேய்ப் படமோ என்று நினைத்து நிற்பாட்டிவிட்டேன்.

மெல்பேர்ண் மச்சாள்: ஐயோ அம்மா 😂 பேயில்லை. அது என்.ஐ.ரி.வி, இந்த மண்ணின் ஆதிக்குடிகளின் அலைவரிசை, 2012இலிருந்து எஸ்.பி.எஸ்ஸோடு. அவர்களில் பல சமூகங்களில் ஒருத்தர் இறந்தால் அவரின் பெயரைச் சொல்வதும் படத்தைக் காட்டுவதும் துக்கத்தைக் கிளறுகிற காரியம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். மற்றச் சனல்களிலும் இப்போது போடுகிறார்கள்.

மாமி: அப்படியா. எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்டு வைத்திருக்கிற படங்களை அவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ.

மாமா: இஞ்சரும், அதைப் போட்டுப் பாரும். பார்த்துவிட்டு எனக்குச் சொல்லும்.

நான்: மச்சாள், எஸ்.பி.எஸ்ஸின் இணையச் சேவை ஒன் டிமாண்டை இங்கே பார்க்க வழியில்லையா?

மெல்பேர்ண் மச்சாள்: இல்லை, அவுஸ்திரேலியாவுக்குள் மட்டும்தான். எஸ்.பி.எஸ் தமிழ் பொட்காஸ்ட் அங்கேயும் கேட்கலாம்.

இரவு 9.20

நான்: அண்ணை, கோபமா?

கொழும்பு அண்ணை: சீச்சீ. பஸ்ஸில் வந்தேன். யோசித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து மேசை நண்பனிடம் கேட்டேன், தமிழ் நிகழ்ச்சி பார்த்திருக்கிறாயா என்று. சிங்கள எழுத்துப் போட்ட தமிழ்நாட்டுப் படம் பார்த்திருக்கிறானாம். யாழ்ப்பாணத்து ஆட்கள் கதைப்பதை ரிவியில் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லையாம், செய்தியில் அரை நிமிடம் தவிர.

நான்: என்னுடைய கம்பஸ் வேலைக்குக் குருநகரில் வலை பின்னுகிற அம்மாக்களைப் படம் பிடித்தேனே. அதற்கு ஆங்கில எழுத்துப் போட்டுவிட்டேன். சிங்களம்தான் இல்லை.

கொழும்பு அண்ணை: அதுக்கென்ன?

நான்: உங்களுக்குத்தானே சிங்களம் எழுத வரும்.

கொழும்பு அண்ணை: எவ்வளவு நேரம் ஓடும்?

நான்: பதினேழு நிமிடம். ஆனால் அந்த அம்மாக்கள் ஒரே மூச்சில் கதைப்பார்கள். ஒரு தரத்துக்கு இரண்டு வரிக்கு மேல் போடக்கூடாது. சொன்னதெல்லாம் எழுத ஏலாது, எதை விடுவது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கொழும்பு அண்ணை: ஒன்றையும் விடாமல் எழுதினால்?

மெல்பேர்ண் மச்சாள்: அம்மா கண்ணாடி தேடுகிற மாதிரித்தான் எல்லாரும் தேடுவார்கள்.

மாமி: நானும் குழுவில்தான் இருக்கிறேன்.

கொழும்பு அண்ணை: சரி, அனுப்பு. கடல், வலைச் சொற்களுக்கு நீர்கொழும்புப் பக்கத்து நண்பன் ஒருத்தனைக் கேட்கிறேன். இந்தச் சனிக்கிழமை ஏலாது, அடுத்த கிழமை தருகிறேன்.

மாமா: முடிந்ததும் எனக்கும் அனுப்புங்கள். இஞ்சரும், சீனி இரண்டு கரண்டி. இப்போது நிம்மதியா?

மாமி: டொக்டர் ஒன்றுகூட வேண்டாம் என்றவர்!