உதவி: ஒரே கோட் 11 கோப்புகளில், ஒன்றாக்கிவிடலாமா?

கொம்தார்_குருவி | திங்கள், காலை 9.12
அவசரம். பில் போடும் சிஸ்டத்தில் ஒரே கணக்கு 11 கோப்புகளில் ஒட்டிக் கிடக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் செய்த வேலை. நேற்று ஓர் இடத்தில் பிழையைத் திருத்தினேன், மற்ற 10 இடத்தில் அப்படியே இருக்கிறது. எல்லாவற்றையும் 11 கோப்பும் கூப்பிடும் ஒரே ஃபங்ஷனாக்கலாம் என்று பார்க்கிறேன். தவுக்கே, அதாவது முதலாளி, வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பாயான்லெப்பாஸ்_அக்கா | 9.20
எந்த மொழி? என்ன பிழை? கணக்கு சரியா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட் இருக்கிறதா? தவுக்கே கேட்பது பிழைத் திருத்தத்தையா, கோட் அழகையா?

ரோஜாக்_ராஜா | 9.31
ஒரே கோட் மூன்றாவது தடவை வந்தாலே பிரித்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் எட்டு தடவை லேட்.

செந்தூல்வாசி | 9.40
பில் வகைக்கு ஒரு கிளாஸ், எல்லாவற்றுக்கும் மேலே பொதுக் கணக்கை வைத்திருக்கும் ஒரு தாய் கிளாஸ். இதைவிடச் சுத்தமான வழி இல்லை. எதிர்காலத்தில் புது வகை வந்தாலும் கவலை இல்லை.

ரோஜாக்_ராஜா | 9.43
இருக்கிற 11-க்கே வழியைக் காணோம், இவர் வராத வகைக்கு வீடு கட்டுகிறார்.

பழைய_கை | 10.05
தம்பி, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இந்தத் தலைமுறைக்கு இல்லையா? மலேசியாவில் 2018-ல் ஜூன் 1 அன்று ஜிஎஸ்டி வரி பூஜ்யம், செப்டம்பர் 1 அன்று அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரி. மூன்று மாதத்தில் இரண்டு மாற்றம். எங்களுக்கு இரண்டு முறையும் பத்து நிமிட வேலை. சதவீதம், எந்தத் தேதியிலிருந்து என்பதெல்லாம் அட்டவணையில் இருந்தது. எண்ணைக் கோட்டுக்குள் எழுதுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

கொம்தார்_குருவி | 10.50
பிஎச்பி. டெஸ்ட் இல்லை. பிழை என்னவென்றால், தொகையை அருகிலுள்ள 5 காசுக்கு ஆக்கும் ரவுண்டிங்கை மொத்தத்தில் செய்யாமல் பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகச் செய்கிறது. மற்றபடி 11-ம் ஒரே மாதிரிதான். சிலதில் சேவை வரி 6 சதவீதம், சிலதில் 8 என்று இருக்கிறது, அதையும் 8 ஆக்கிவிடப் போகிறேன்.

பாயான்லெப்பாஸ்_அக்கா | 10.58
நில்லுங்கள் தம்பி! உங்கள் வாடிக்கையாளர் ஹோட்டலா?

கொம்தார்_குருவி | 11.02
ஆமாம் அக்கா. அறை, உணவகம், கார் நிறுத்தம் மூன்றும். சொல்லவில்லையா?

பாயான்லெப்பாஸ்_அக்கா | 11.25
சொல்லவே இல்லை. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 ஆனது, ஆனால் உணவு, பானம், கார் நிறுத்தத்துக்கு 6-லேயே நின்றது. அந்த 6 பிழை இல்லை. அப்போது ஒரே எண்ணாகச் சேர்த்து வைத்திருந்தால், அறைக்காக 8 என்று மாற்றிய அன்றே நாசி கோரெங்குக்கும் 8 போட்டிருப்பீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கிற கோட், மாறும்போது ஒன்றாக மாறுமா என்று பாருங்கள். வரி ஒன்றாக மாறாது, அதைப் பழைய_கை சொன்ன அட்டவணையில் வையுங்கள். ரவுண்டிங் ஒன்றாக மாறும், அதுதான் சேர்க்க வேண்டியது.

3.80 வெள்ளி சாப்பாடு மூன்று. வரியோடு ஒன்று 4.03. தனித்தனியாக ரவுண்டிங் செய்தால் 4.05, மூன்றுக்கு 12.15. மொத்தத்தில் செய்தால் 12.08, அது 12.10. பில்லுக்கு 5 காசு கூடுதலாக வாங்குகிறீர்கள்.

போன மாதப் பில்களில் இருநூறை எடுத்து, இப்போது வரும் தொகையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் பிழையைத் தொடாமல் கோட்டை மட்டும் ஒரே இடத்துக்கு நகர்த்துங்கள், கோப்புக்கு ஒரு கமிட், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகப் பதிவு செய்யுங்கள். இருநூறும் அதே தொகை தந்தால்தான் பிழையில் கை வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே கமிட்டில் போட்டால் தொகை மாறியது எதனால் என்று தேடியே வெள்ளிக்கிழமை போய்விடும்.

செந்தூல்வாசி | 11.40
தாய் கிளாஸ் இருந்தால் இத்தனை சிரமம் இல்லை.

ரோஜாக்_ராஜா | 11.48
கார்டில் கட்டினால் ரவுண்டிங் தேவையே இல்லையே? 2008 ஏப்ரலில் 1 காசு சில்லறைத் தொல்லைக்காக வந்தது அது.

பழைய_கை | 11.55
எங்கள் தாமான் கடையில் கியூஆருக்கும் செய்கிறான்.

ரோஜாக்_ராஜா | 11.57
கடைக்காரன் செய்தால் சட்டமா?

பழைய_கை | 12.10
நான் எங்கே சட்டம் என்றேன்? முதலில் ஒழுங்காகப் படித்துவிட்டு எழுதவும்.

செந்தூல்வாசி | 12.14
2 காசுக்கு இவ்வளவு சண்டையா லா? பசியாறிவிட்டு வாருங்கள்.

பாயான்லெப்பாஸ்_அக்கா | 12.20
சண்டையில் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. தம்பி, 11-ம் ஒரே மாதிரி என்பது கண்ணால் பார்த்ததா, ஒப்பிட்டுப் பார்த்ததா?

கொம்தார்_குருவி | வியாழன், இரவு 11.36
ஒப்பிட்டேன். இரண்டு கோப்புகள் கார்டுக்கானவை, அதில் ரவுண்டிங்கே இல்லை. ஒன்பதை மட்டும் சேர்த்தேன், இருநூறு பில்லும் பொருந்தியது, அப்புறம் பிழையைத் திருத்தினேன். நன்றி அக்கா.

பாயான்லெப்பாஸ்_அக்கா | வெள்ளி, காலை 8.04
நல்லது. அந்த 6-ஐ 8 ஆக்கவில்லைதானே?

பாயான்லெப்பாஸ்_அக்கா | திங்கள், காலை 9.30
தம்பி?