மிதி லேத்தில் 1.5 மரை: இரண்டாவது வெட்டு பழைய காடியில் விழவில்லை, அவசரம்

லெஸ்டர்மிதி:
வணக்கம். காலால் மிதித்து ஓட்டும் பழைய லேத் (கடைசல் இயந்திரம்). ராடில் மரை போட்டால் முதல் வெட்டு அழகாக வருகிறது. திரும்பக் கொண்டுவந்து இரண்டாவது வெட்டு விட்டால் டூல் பழைய காடியில் விழாமல் பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கீறுகிறது. மூன்றாவதில் மரை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. இதுவரை மூன்று ராடு வீண். கியர் எல்லாம் சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன். சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். என்ன தப்பு?

நட்டுபோல்ட்டு:
எந்த லேத்? லீட் ஸ்க்ரூ, அதாவது டூலை நகர்த்தும் நீளத் திருகு, இஞ்சுக்கு எத்தனை மரை? 1.5 என்றால் மில்லிமீட்டரா? எந்தெந்தச் சக்கரம்? படம் எங்கே? "சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன்" என்று எல்லோரும்தான் சொல்வார்கள்.

தோல்வார்:
பெல்ட் வழுக்குகிறது. பந்தயம் கட்டுகிறேன். மிதி லேத்தில் வேகம் ஏறி இறங்கும், வெட்டு கனமானால் வார் நழுவும், மரை இடம் மாறும். வாரை ஒரு விரல் குறைத்துத் தையுங்கள்.

சுழலச்சு:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். மேலே ஒட்டி வைத்திருக்கும் பதிவை யாரும் படிப்பதில்லை. தோல்வார் சொல்வது அபத்தம். லீட் ஸ்க்ரூவை ஓட்டுவது மிதி அல்ல, ராடைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டில். பெல்ட் நழுவினால் ஸ்பிண்டில் நிற்கும், அதோடு பல்லால் கோத்த லீட் ஸ்க்ரூவும் நிற்கும். வழுக்கலுக்கும் மரைக்கும் சம்பந்தமே இல்லை. அடிப்படை தெரியாதவர்கள், சக்கரத்தைக் கழற்றாமலே மரையை மாற்றும் கியர்பாக்ஸ் உள்ள லேத்தாகப் பார்த்து வாங்குவது நல்லது. அது வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

கீச்சுக்கீச்சு:
10 மில்லி போல்ட்டு என்றால் கடையில் மரை வெட்டும் டை ஒன்று வாங்கிப் போட்டுவிட்டுப் போங்களேன்?

லெஸ்டர்மிதி:
மன்னிக்கவும், வேலையிலிருந்து எழுதினேன். லேத்தில் பெயர்த்தகடு இல்லை. இங்கே லெஸ்டரில் ஒரு பெரியவரின் தோட்டக் கொட்டகையைக் காலி செய்தபோது வாங்கியது. லீட் ஸ்க்ரூ இஞ்சுக்கு 8. போடுவது 10 எம்எம், 1.5 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி). சக்கரங்கள் 20 முதல் 65 வரை, ஐந்தைந்தாக. ஸ்பிண்டிலில் 20, அது 50ஐ ஓட்டுகிறது. அந்த 50 இருக்கும் அச்சிலேயே 65, அது லீட் ஸ்க்ரூவில் உள்ள 55ஐ ஓட்டுகிறது. டை வேண்டாம், லேத்திலேயே போட வேண்டும் என்பதுதான் ஆசை. லேத்தில் குறை இருக்க முடியாது. போன வாரம் இதிலேயே 3/8 விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் இஞ்சு மரை) போட்டேன், கச்சிதமாக வந்தது.

பழையஇரும்பு:
டூல் ஓடும் படுகை உருண்டையா தட்டையா? உருண்டை என்றால் கில்ட்ஃபோர்ட் ட்ரம்மண்ட் கம்பெனி லேத், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தட்டையாக இருந்தாலும் ட்ரம்மண்டாக இருக்கலாம். அவர்களுடைய எம் வகையைப் போர்க்காலத்தில் மைஃபோர்ட் கம்பெனி ஏற்று நாட்டிங்ஹாம் பக்கம் செய்தது. இல்லாவிட்டால் கோல்செஸ்டர் பிரிட்டானியா. தயவுசெய்து பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்.

சுழலச்சு:
127 பல் சக்கரம் இல்லாமல் இஞ்சு லேத்தில் மெட்ரிக் மரையா? அங்கேயே முடிந்தது கதை. ஒரு இஞ்சு 25.4 மில்லி. அதை முழு எண்ணாக்க ஐந்தால் பெருக்கினால் 127. அது பகா எண், எந்தச் சின்னச் சக்கரங்களைக் கூட்டுச் சேர்த்தாலும் வராது. 60க்கு 127 மாட்டினால் 1.5 துல்லியமாக வரும். நீங்கள் மாட்டியிருப்பது தோராயம். அதனால்தான் காடி தள்ளிப் போகிறது.

ஓய்வுடர்னர்:
தம்பி, சுழலச்சு சார் 127 பற்றிச் சொன்னது சரி. ஆனால் உங்கள் நோய் அதுவல்ல.

கணக்கைப் பாருங்கள். 20×65 என்பது 1300. 50×55 என்பது 2750. இஞ்சுக்கு 8 என்றால் லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 3.175 மில்லி. 3.175ஐ 1300ஆல் பெருக்கி 2750ஆல் வகுத்தால் 1.5009. எட்டு மில்லி தடிமனுள்ள நட்டுக்குள் வித்தியாசம் 0.005 மில்லிகூட இல்லை. தாராளமாக ஏறும். அதோடு, பிட்ச் தோராயமாக இருந்தால் எல்லா வெட்டும் ஒரே மாதிரி தோராயமாகத்தான் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று விழும். பக்கத்தில் புதுக் காடி கீறாது.

நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. வெட்டு முடிந்ததும் லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டைத் திறந்து, டூல் உட்கார்ந்திருக்கும் சேடிலைக் கையால் தள்ளிக்கொண்டு வந்து, மறுபடி மூடுகிறீர்கள். சரிதானே?

3/8 விட்வொர்த் இஞ்சுக்கு 16. லீட் ஸ்க்ரூ 8. பதினாறு எட்டால் மீதியில்லாமல் வகுபடும், ஆகவே ஹாஃப் நட்டை எங்கே மூடினாலும் டூல் பழைய காடியில்தான் விழும். அதுதான் உங்களை ஏமாற்றிவிட்டது. 1.5க்கு அப்படியில்லை. நீங்கள் மாட்டியிருக்கும் சக்கரங்களுக்கு ஸ்பிண்டில் 55 சுற்று போனால்தான் லீட் ஸ்க்ரூ முழுசாக 26 சுற்று போகும். நடுவில் எங்கே மூடினாலும் தப்பான இடம்.

ஹாஃப் நட்டை மூடிவிட்டால் மரை முடியும்வரை திறக்கவே திறக்காதீர்கள். வெட்டு முடிந்ததும் மிதியை நிறுத்துங்கள், டூலை வெளியே இழுங்கள், ராடைப் பிடித்திருக்கும் சக்-ஐக் கையால் பின்னுக்குச் சுற்றி சேடிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தொடங்கும் இடத்தைத் தாண்டி நாலைந்து மில்லி பின்னால் வந்து நில்லுங்கள். லீட் ஸ்க்ரூவில் இருக்கும் ஆட்டம், டூல் ராடைத் தொடும் முன்பே தீர்ந்துவிடும். மெதுவாகச் சுற்றுங்கள், பழைய சக் ஸ்பிண்டிலில் மரையில்தான் ஏறியிருக்கும், வெடுக்கென்று திருப்பினால் கழன்று கையில் விழும்.

நட்டுபோல்ட்டு:
எப்போது மூடலாம் என்று காட்டும் திரெட் டயல் மாட்டினால் ஹாஃப் நட்டைத் திறக்கலாமே?

ஓய்வுடர்னர்:
இஞ்சு லீட் ஸ்க்ரூவில் இஞ்சு மரைக்குத்தான் அது உதவும். இங்கே உதவாது.

சுழலச்சு:
இதற்குத்தான் கியர்பாக்ஸ் என்றேன். நார்ட்டன் 1892இல் காப்புரிமை வாங்கியதோடு இந்தத் தொல்லை ஒழிந்தது.

தோல்வார்:
நார்ட்டன் மோட்டார் சைக்கிள்காரரா? அவருக்கு லேத்தோடு என்ன வேலை?

பழையஇரும்பு:
மோட்டார் சைக்கிள்காரர் பர்மிங்காம் ஜேம்ஸ் நார்ட்டன். லேத்துக்காரர் வெண்டல் நார்ட்டன், அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம், டோரிங்டன் ஊர், ஹெண்டி கம்பெனி. படிக்கட்டு மாதிரி சின்னதும் பெரிதுமாகச் சக்கரங்கள் ஒரே அச்சில் வரிசையாக இருக்கும். கீழே ஒரு கை, அதில் ஒரு சக்கரம். கையை நகர்த்தித் தூக்கி எதோடு வேண்டுமோ அதோடு கோத்து ஊசியைத் துளையில் விட்டால் பிட்ச் மாறிவிடும். ஆங்கிலேயப் பொறியாளர் மாட்ஸ்லே 1800 வாக்கில் சக்கரம் மாற்றி மாற்றி மரை போட ஆரம்பித்ததிலிருந்து ஸ்பேனரும் கரியுமாக இருந்த வேலை ஒரு கைப்பிடிக்கு வந்தது.

நட்டுபோல்ட்டு:
கிரைண்டிங் இயந்திர நார்ட்டனும் இவர்தானா?

பழையஇரும்பு:
இல்லை, அவர் சார்லஸ் நார்ட்டன். அவர் போய்ச் சேர்ந்த உர்ஸ்டர் நார்ட்டன் கம்பெனியின் பெயர் இன்னொரு நார்ட்டனுடையது. போதுமா?

ஓய்வுடர்னர்:
எத்தனை நார்ட்டன் வந்தாலும் சரி. கியர்பாக்ஸ் செய்வது சக்கரம் மாற்றும் வேலையை மிச்சப்படுத்துவதுதான். கியர்பாக்ஸ் உள்ள இஞ்சு லேத்தில் 127 பல் சக்கரமே மாட்டி 1.5 போட்டாலும், ஹாஃப் நட்டைத் திறந்தால் இதே கதிதான். பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் ஒருமுறையாவது கெடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

சுழலச்சு:
நான் திறக்கலாம் என்று எங்கே சொன்னேன்? மாட்ஸ்லே என்று ஆரம்பித்ததும் தவறு. பிரான்ஸில் செனோ என்பவர் 1795இலேயே சக்கரம் மாற்றி மரை வெட்டும் லேத் செய்துவிட்டார். ஆங்கிலேயர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

பழையஇரும்பு:
செய்தார், சரி. ஒன்று செய்தார். மாட்ஸ்லேயின் பட்டறையில் அந்த மரைக்குப் பெயர் தந்த விட்வொர்த்தும், நாஸ்மித்தும் வேலை பார்த்தார்கள், அவர்கள் போன இடமெல்லாம் அந்த லேத்தும் போனது. யார் முதலில் என்பது வேறு, யாரிடமிருந்து பரவியது என்பது வேறு.

சுழலச்சு:
அப்படிப் பார்த்தால் லியனார்டோ டா வின்சி வரைந்ததையும் சேர்க்க வேண்டும்.

கீச்சுக்கீச்சு:
டை வாங்கியிருந்தால் இந்நேரம் போல்ட்டு மாட்டியாகியிருக்கும்.

லெஸ்டர்மிதி:
டர்னர் ஐயா சொன்னதுதான். திறந்து திறந்துதான் மூடினேன். நேற்றிரவு திறக்காமல் பதினொரு வெட்டு, எல்லாம் ஒரே காடியில். நட்டு விரலால் ஏறியது. கால் வீங்கியிருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.

பழையஇரும்பு:
படுகை தட்டையா உருண்டையா என்று கடைசிவரை சொல்லவில்லையே?

சுழலச்சு:
செனோ பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் மட்டும் வரவும்.